குதிரும் வேண்டும், அணையும் வேண்டும்!

ஐப்பசி மாதத்து இரவு. கொடைமலையின் முகட்டில் மின்னல் வெட்டுகிறது, இடி முழங்குகிறது, மறுகணம் தேவதானப்பட்டி இருளில் மூழ்குகிறது. "கரண்டு போச்சு!" என்ற குரல் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடுகிறது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்க்கிறார்கள். அரை மணி ஆகிறது. ஒரு மணியும் ஆகிறது. விடிகிறது; மின்சாரம் வரவில்லை. அன்று பகலும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பிறகு? அந்தப் 'பிறகு' குறித்தே இந்த ஞாயிறன்று உங்களோடு பேச விரும்புகிறேன், தோழர்களே!

வாளித் தண்ணீருக்கும் வத்திப்பெட்டிக்கும் ஓர் அரசியல் கட்டுரையா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். வாக்குச் சாவடியின் வாசலில் தொடங்கி அதே வாசலில் முடிந்துவிடுவதுதான் அரசியல் என்று எண்ணுவோர்க்கு இது விந்தையாகவே தோன்றும். ஆனால் எவர் வீட்டில் விளக்கு எரிகிறது, எவர் வீட்டில் எரியவில்லை என்பதைக் காட்டிலும் பெரிய அரசியல் எது?

மின்சாரம் நின்றால் விளக்கு அணைகிறது. நம் கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதான். இழப்புகளில் மிகச் சிறியதும் அதுதான். இருட்டு நமக்குப் புதிதன்று. அடுத்து நிற்பது தண்ணீர்! மோட்டார் ஓடினால்தான் மேல்நிலைத் தொட்டி நிறையும். தொட்டி நிறைந்தால்தான் தெருக்குழாய் ஒழுகும். முதல் நாள், தொட்டியில் மிச்சமிருப்பது வரும். இரண்டாம் நாள், குழாயைத் திருகினால் காற்றுத்தான் வரும். "கிணறு இருக்கிறதே" என்பீர்களானால், எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். ஊருக்கு ஊர் பொதுக்கிணற்றில் குப்பை கொட்டித் தூர்த்தது யார்? நாம்தான். அடிகுழாயின் கைப்பிடி கழன்றபோது, "இனி எதற்கு அது, அதுதான் குழாய் வந்துவிட்டதே" என்று சொன்னதும் நாம்தான்.

தண்ணீருக்கு அடுத்தது மருந்து. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் பெரியவர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். அவருடைய இன்சுலின் குளிர்பெட்டியில் இருக்கிறது. மூச்சுத் திணறலுக்கு மின்கருவியை நம்பியிருக்கும் மூதாட்டி இருக்கிறார். அவருக்கு இரண்டு மணி நேரம் என்பதே நெடுங்காலம். அதற்கு அடுத்தது கைப்பேசி. அதன் உயிர் ஒரு நாள். மிஞ்சினால் ஒன்றரை நாள். கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துவிட்டால், கையில் உயிரோடு இருக்கும் பேசியும் வெறும் பெட்டி. (மாவரைக்கும் எந்திரம் நிற்பதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. நான்கு நாள் இட்லி இல்லாமல் எந்தக் குடும்பமும் அழிந்துவிடாது!)

இவை எல்லா ஊருக்கும் பொது. தேவதானப்பட்டிக்கு இன்னொன்றும் உண்டு, அதுதான் மஞ்சளாறு. கொடைமலையில் கொட்டும் மழை தலையாற்று அருவியாக விழுந்து, ஓடைகளோடு கூடி, மஞ்சளாறு அணைக்கு வந்து சேருகிறது. அணையின் உயரம் 57 அடி. நீர்மட்டம் 51 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை. 53 அடியில் இரண்டாவது. 55 அடியில் மூன்றாவது. அதற்குமேல் வரும் நீர் அப்படியே ஆற்றில் விடப்படும். ஒலிபெருக்கி முழங்கும், கைப்பேசியில் செய்தி வரும், கரையோரத்தார் மேட்டுக்குப் போவார்கள். சரி; அந்த இரவில் மின்சாரம் இல்லை, கைப்பேசி அணைந்துவிட்டது, பெருமழையின் இரைச்சலில் ஒலிபெருக்கி கேட்கவில்லை என்றால்? மலையில் மின்கம்பியை அறுக்கும் அதே மழைதான் அணையையும் நிரப்புகிறது. நம் ஊருக்கு இருளும் வெள்ளமும் இரண்டு விருந்தாளிகள் அல்லர். கைகோத்து வரும் இரட்டையர்!

இந்த இரட்டையரை எதிர்கொள்ள என்ன வழி என்று கேட்டால், இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு விடைகள் வருகின்றன. இரண்டும் பாதி விடைகள். பாதி விடை பல சமயம் முழுப் பொய்யைவிடத் தீங்கானது.

முதல் விடை வணிகருடையது. "இன்வெர்ட்டர் வாங்குங்கள்!" இந்தப் பல்லவி நமக்குப் புதிதன்று. 2008 முதல் 2015 வரை தமிழ்நாட்டில் மின்வெட்டும் மின்கட்டுப்பாடும் நிலவிய காலத்தை மறந்துவிட்டீர்களா? 2012-இல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் வெட்டு. சென்னைக்கு வெளியே பல ஊர்களுக்குப் பத்து மணி, பன்னிரண்டு மணி என்று வெட்டு. ஒரே மாநிலம், ஒரே கட்டணப் பட்டியல், ஆனால் இருவகை இரவுகள்! அன்றுதான் கடைத்தெருவெங்கும் மின்கலப் பெட்டிகள் மலை மலையாகக் குவிந்தன. வாங்க முடிந்தவன் வாங்கினான். அவன் வீட்டு விசிறி சுழன்றது. அடுத்த வீட்டுப் பிள்ளை அவன் வீட்டு வாசல் வெளிச்சத்தில் பாடம் படித்தது.

வாங்கியவனைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வெக்கையில் புழுங்கும் குழந்தைக்குக் காற்று தேடுவது குற்றமா? ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்தப் பெட்டி மின்சாரத்தைப் பிறப்பிக்கவில்லை. அதே கம்பியிலிருந்து உறிஞ்சி வைத்துப் பிறகு கொடுக்கிறது. உறிஞ்சும்போது ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. திரும்பக் கொடுக்கும்போது இன்னொரு பங்கு வீணாகிறது. மின்சாரம் வந்த மறுகணமே ஆயிரமாயிரம் பெட்டிகள் ஒருசேர வாய் திறந்தால், ஏற்கெனவே திணறும் மின்மாற்றி என்ன ஆகும்? பற்றாக்குறைக் காலத்தில் தனித்தனி வீடு தேடிக்கொண்ட தப்புவழி, பற்றாக்குறையை மேலும் பெருக்கியது. அதைத் தீர்த்தவை வேறு: புதிய மின் நிலையங்கள், புதிய மின்தடங்கள், 2013 டிசம்பர் 31 அன்று தென்னகத்தின் மின்தொகுப்பு நாட்டின் பெருந்தொகுப்போடு இணைக்கப்பட்டது ஆகியவை. கடையில் விற்கும் பொருள்களா இவை?

தேவதானப்பட்டியில் மஞ்சளாற்றங்கரை மூங்கிலணைக் காமாட்சி கோயிலில் அடைத்த கதவுக்குத்தான் வழிபாடு. அது அந்தக் கோயிலின் மரபு. அங்கே அது அழகு. ஆனால் இருண்ட இரவில், உள்ளே விளக்கெரியும் வீடு ஒவ்வொன்றும் கதவை அடைத்துக்கொள்வதை நாம் ஒரு மரபாக்கிக்கொள்ளலாகாது.

இரண்டாம் விடை நம்மவர்களுடையது. ஆம், நம் அணியில் நிற்கும் தோழர்கள் சிலருடையதுதான்! "தடையின்றி மின்சாரம் தருவது ஆட்சியின் கடமை. வெள்ளத்தைத் தடுப்பது ஆட்சியின் கடமை. இவற்றை விட்டுவிட்டு, மக்களைப் பார்த்துத் தண்ணீர் பிடித்து வை, விளக்கு வாங்கி வை என்று சொல்வது, கடமை தவறியவனுக்குக் குடைபிடிப்பதாகும்" என்கிறார்கள். கேட்பதற்கு வீரமாக இருக்கிறது. மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அந்த மூச்சுத் திணறும் மூதாட்டியின் கட்டிலருகே நின்று இதைச் சொல்ல முடியுமா? "அம்மா, ஆட்சியின் கடமை இது, அதை உணர்த்தும்வரை பொறுத்திருங்கள்" என்றா சொல்வது?

நம் பாட்டிமார் எந்த ஆட்சிக்கும் குடைபிடித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் வீட்டில் குதிர் இருந்தது; அதில் அடுத்த அறுவடைவரைக்கும் தவசம் இருந்தது. அடுக்குப் பானையில் வற்றலும் வடகமும் இருந்தன. திண்ணை மாடத்தில் அரிக்கேன் விளக்கு துடைத்து வைக்கப்பட்டிருந்தது. மழைக்காலம் தொடங்குமுன் விறகு பரணில் ஏறியிருக்கும். இதை அவர்கள் 'பேரிடர் மேலாண்மை' என்று அழைக்கவில்லை, குடித்தனம் என்றார்கள். இன்று குதிரும் இல்லை, அரிக்கேனும் இல்லை. நியாயவிலைக் கடை மண்ணெண்ணெயும் ஆண்டுக்காண்டு வெட்டப்பட்டுச் சுருங்கிப்போயிற்று. பழைய ஏற்பாடு போய்விட்டது. புதிய ஏற்பாடு வரவில்லை. இடையில் நிற்கிறது நம் வீடு.

ஆனால் குதிரின் பெருமையை மட்டும் பாடிவிட்டு நிறுத்தினால் நானும் பாதி விடை சொன்னவனாவேன். தாது ஆண்டுப் பஞ்சத்தை, 1876 முதல் 1878 வரை இந்தத் தென்னகத்தைத் தின்று தீர்த்த அந்தப் பெரும் பஞ்சத்தை எண்ணுங்கள். குதிர் இருந்த வீடுகளும் மாண்டன. ஓராண்டு மழை பொய்த்தால் குதிர் காக்கும். அடுத்த ஆண்டும் பொய்த்தால் குதிருக்குள் எலியும் இராது. அந்தப் பஞ்சத்திற்குப் பிறகுதான், நெடுநாள் ஏட்டளவில் கிடந்த பெரியாற்றுத் திட்டம் உயிர்பெற்றது. பென்னிகுயிக்கின் தலைமையில் அணை எழுந்தது. 1895-இல் மேற்கே போகும் ஆறு மலையைக் குடைந்து கிழக்கே திரும்பியது. அதே நீர் 1958 முதல் லோயர் கேம்ப்பில் மின்சாரமும் ஈன்றது. எந்த ஒரு வீட்டாலும் செய்ய இயலாத செயல் அது. எத்தனை குதிர்களைச் சேர்த்துக் கட்டினாலும் அணை ஆகாது. அதுபோலவே, எத்தனை பெரிய அணை கட்டினாலும், நள்ளிரவில் உன் வீட்டு மூலையில் இருக்கவேண்டிய ஒரு குடம் தண்ணீரை அது வைத்துவிடாது.

குதிரும் வேண்டும், அணையும் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

"செல்வ நாடுகளில் இந்தத் தொல்லை உண்டா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் பட்டப்பகலில் மின்சாரமின்றி நின்றன. தொடர்வண்டிகள் நடுவழியில் நின்றன, சாலை விளக்குகள் அணைந்தன, கைப்பேசிகள் ஊமையாயின. மக்கள் எதைத் தேடி ஓடினார்கள் தெரியுமா? பேட்டரியில் ஓடும் பழைய வானொலிப் பெட்டியை! அதற்கு முந்திய மாதந்தான் ஐரோப்பிய ஒன்றியம் தன் குடிமக்களுக்கு, 72 மணி நேரத்துக்குத் தேவையானதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுறுத்தியிருந்தது. சுவீடன் 2018-இலும், திருத்தி மீண்டும் 2024-இலும், நாட்டின் எல்லா வீடுகளுக்கும் இதற்கென்றே ஒரு சிறு நூலை அச்சிட்டு அனுப்பியது. மருத்துவமும் கல்வியும் மக்கள் உரிமை என்று நிலைநாட்டிய நாடு அது. அங்கே எவரும் இதை ஆட்சிக்குக் குடைபிடிப்பது என்று சொல்லவில்லை. ஆட்சி தன் பங்கைச் செய்துகொண்டே, உன் பங்கு இது என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. தன் பங்கைச் செய்யாமல் சொன்னால்? அப்போது கேட்க வேண்டியவர்கள் நாம்.

குதிருக்கும் அணைக்கும் நடுவே மூன்றாவது ஒன்று உண்டு. அதை நமக்குக் காட்டியது கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை உழுதுவிட்டு, திண்டுக்கல், கொடைமலை வழியே கேரளம் நோக்கிப் போயிற்று. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல சிற்றூர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி விலை ஏறியது. கைப்பேசிக்கு மின்னேற்றக் காசு வாங்கினார்கள். இவை ஒரு பக்கம். மறுபக்கத்தில், தெரு தெருவாகக் காசு சேர்த்து வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து, ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள் மக்கள். ஒரு வீட்டால் ஆகாததை, அரசு வந்துசேரும் முன்பே ஒரு தெரு செய்துகாட்டியது. அந்தத் தெருவாக நாம் இருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி. நம் கிளைகளும் படிப்பகங்களும் எதற்காக இருக்கின்றன? நாளேடு படிக்கவும், கொடியேற்றவும் மட்டுமா?

அந்த நாள்களில் மாவட்டம் விட்டு மாவட்டம் வந்து, அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்து, இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்டார்களே மின்தொழிலாளர்கள், அவர்களையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் உண்டு. நிரந்தரப் பணியிடத்தைக் காலியாகப் போட்டுவிட்டு, அந்த வேலையையே தினக்கூலிக்குச் செய்யச் சொல்லும் கொடுமை பற்றி வேறொரு ஞாயிறு விரிவாக எழுதுவேன். இங்கே சொல்ல வேண்டியது ஒன்று. ஜெனரேட்டரை வீட்டு மின்கம்பியில் நேராகச் சொருகுகிறார்களே சிலர், மாற்றுச் சுவிட்ச் கூட இல்லாமல்? அந்த மின்சாரம் பின்னோக்கி ஓடித் தெருக்கம்பியில் ஏறும்; மின்மாற்றியில் புகுந்து உயர் அழுத்தமாக மாறும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியை அது கொன்றுவிடும். நம் வீட்டு விசிறிக்காக ஒரு தொழிலாளியின் உயிரா? மாற்றுச் சுவிட்ச் இல்லாத வீட்டில் ஜெனரேட்டர் ஓடலாகாது என்று தெருவே கட்டுப்பாடு விதிக்கவேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. குடிப்பதற்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர். சமையல், கழுவல் எல்லாம் சேர்த்தால் 15 லிட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு குடம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்குப் பதினைந்து குடம். அவ்வளவு குடம் எந்த ஏழை வீட்டிலும் இராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெருவுக்கு இரண்டு பீப்பாய் வாங்கி, மூடிபோட்டு, மழைக்கு அறிகுறி தெரிந்தவுடன் நிரப்பி வைக்க முடியாதா? இன்சுலினைப் பொறுத்தவரை, பயன்பாட்டில் இருக்கும் குப்பி பெரும்பாலும் 30 பாகை வெப்பத்துக்கு மேற்படாமல் வைத்தால் நான்கு வாரம்வரை தாங்கும். ஈர மணலில் பதித்த மண்பானை போதும். பனிக்கட்டியோடு ஒட்டிவைத்து உறையவிட்டால்தான் கெடும். எந்த மருந்துக்கு எவ்வளவு நாள் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். குடும்ப அட்டை, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ் இவற்றை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, கையெட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். உறவினர் எண்களைக் காகிதத்தில் எழுதிவையுங்கள்; மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐயும், மின்வாரியத்தின் 'மின்னக'த்து 94987 94987-ஐயும் அதே காகிதத்தில் சேர்த்து எழுதுங்கள். அணைந்த பேசிக்குள் இருக்கும் எண் எவருக்கும் உதவாது. வீட்டுக்குள் வெள்ளம் ஏறுமுன் மெயின் சுவிட்சை அணைக்க வீட்டிலுள்ள அனைவருக்கும், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், சொல்லிக்கொடுங்கள். அறுந்து கிடக்கும் கம்பியைக் குச்சியாலும் தொடவேண்டாம். கதவடைத்த அறையில் கரியடுப்பும் வேண்டாம், ஜெனரேட்டரும் வேண்டாம். மணமில்லாத நச்சுப் புகை தூங்குபவனைத் தூங்கும்போதே கொண்டுபோய்விடும். மேலே கொடைக்கானலில் குளிருக்கு அஞ்சிக் கரியடுப்பை அறைக்குள் வைத்து உயிரிழந்தவர்களின் செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள்.

இனி அணைப் பக்கம். பேரூராட்சியைக் கேட்கவேண்டிய கேள்விகளை நாம் கேட்டிருக்கிறோமா? குடிநீரேற்று நிலையத்துக்கு ஜெனரேட்டர் உண்டா? உண்டென்றால் ஓடுகிறதா? ஓடுமென்றால் டீசல் எத்தனை நாளைக்கு இருக்கிறது? கடைக்கோடியில், கம்பி முடிகிற இடத்தில் இருக்கும் குடியிருப்புக்கு மட்டும் எப்போதும் கடைசியில் மின்சாரம் வருவது ஏன்? அந்தக் கோடியில் குடியிருப்போர் யார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஊரை ஒருமுறை சுற்றிவந்தால் தெரியும். மழைக்கு முன் கம்பிமேல் சாயும் மரக்கிளைகளை வெட்டினார்களா? மஞ்சளாறு 53 அடியைத் தொட்ட இரவில் மின்சாரமும் இல்லையென்றால், கரையோர வீடுகளின் கதவைத் தட்டப்போவது யார்? அவர் பெயர் என்ன? 2020 டிசம்பர் 31 அன்று வெளியான மின்நுகர்வோர் உரிமை விதிகள், 24 மணி நேர மின்வழங்கலை உரிமை என்கின்றன. வரையறுத்த நேரத்துக்கு மேல் மின்தடை நீடித்தால் இழப்பீட்டுக்கும் வழி சொல்கின்றன. அதை நம்மில் எத்தனை பேர் எழுதிக் கேட்டிருக்கிறோம்? கேட்காத உரிமை பரணில் கிடக்கும் அரிக்கேன் போன்றது. எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை.

வீட்டைக் கவனித்தவன் வீதியை மறந்தான். வீதியில் முழங்கியவன் வீட்டை மறந்தான். இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது. ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு கிளையும் தன் தெருவில் மின்கருவியால் மூச்சு விடுவோர், ஊசிமருந்தால் வாழ்வோர், தனித்திருக்கும் முதியோர், கைக்குழந்தைக்காரர், ஆற்றோரம் குடியிருப்போர் பெயர்களை ஒரு தாளில் எழுதட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்த இரவில் அந்தக் கதவைத் தட்டப்போகும் தோழரின் பெயர் இருக்கட்டும். தாள் படிப்பகத்துச் சுவரில் தொங்கட்டும். ஒரு படி செயல் அலுவலரின் மேசைக்குப் போகட்டும். படி கொடுக்கப் போகும்போதே அந்த டீசல் கணக்கையும் கேட்டு வாருங்கள்.